லேப் படங்கள எல்லாருக்கும் தெறந்து விட்டு மூணு வருஷம் – என் அனுபவம்

பினாங்குல ஒரு தாவர லேப்ல வேலை, பேருக்கு ரிசர்ச் ஆபீசர், ஆனா சர்வர் பாக்குறதும் என் தலையிலதான். எங்ககிட்ட இருக்கறது பூரா பாக்காவ், ஆப்பி ஆப்பின்னு கடலோர சதுப்புல வளர்ற மாங்குரோவ் மரங்களோட இலை, வேர் குறுக்குவெட்டு ஸ்லைடு, ஸ்கேன் பண்ணா ஒண்ணு ஒரு ஜிபிக்கு மேல வரும். முன்னாடி ஒரு மாஸ்டர்ஸ் பையனோட கிளவுட் டிரைவ்ல போட்டு லிங்க் குடுத்திருந்தோம், அவன் படிச்சு முடிச்சதும் அக்கவுண்ட் மூடிட்டாங்க, பேப்பர்ல அச்சான லிங்க் செத்துப் போச்சு. வெளிநாட்டுலேருந்து ஒருத்தர் மெயில் போட்டு படம் எங்கன்னு கேட்டப்ப எங்க பாஸ் மூஞ்சிய பாக்கணுமே.

அப்புறம்தான் மைக்ராஸ்கோப் படங்கள சேத்து வச்சு வெப்ல காட்டுற ஓமெரோங்கற சாஃப்ட்வேர எங்க சர்வர்ல போட்டோம். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. உள்ள பயோ-ஃபார்மட்ஸ்னு ஒண்ணு இருக்கு, 150க்கு மேல ஃபைல் வகைய படிக்கும், அதனால எந்த கம்பெனி மைக்ராஸ்கோப்பா இருந்தாலும் ஃபைல மாத்தாம அப்படியே ஏத்திடலாம். பாக்குறவங்க முழு ஃபைல இறக்க வேணாம், பிரவுசர்லயே கூகுள் மேப் மாதிரி ஜூம் பண்ணிட்டே போகலாம். இது ஒண்ணுக்கே நான் ஃபுல் மார்க் போடுவேன்.

லாகின் இல்லாம வர்றவங்களுக்கு பப்ளிக் யூசர்னு ஒரு அக்கவுண்ட் செஞ்சு வெப் செட்டிங்ல சொல்லிடணும், அத படிக்க மட்டும் அனுமதி இருக்கற குரூப்ல மட்டும் வைக்கணும். நான் முத வாரம் தூக்கக் கலக்கத்துல இன்னொரு குரூப்லயும் சேர்த்துட்டேன், இன்னும் வெளிவராத பேப்பரோட படம் ரெண்டு நாள் ஊருக்கே தெறந்து கெடந்துச்சு. லாக்ல பாத்தேன், யாரும் தொடல, ஆனா வயித்துல புளிய கரைச்சிருச்சு லா. இப்ப எத மாத்துனாலும் லாகின் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோல தெறந்து பாத்துட்டுத்தான் தே தாரிக் குடிக்கப் போறது.

சாஃப்ட்வேர் போட ரெண்டு நாள், படத்துக்குப் பேர் வைக்க எட்டு மாசம். "ஃபைனல்_நியூ_ஓகே2"ன்னு இருந்தா யாருக்கு என்ன புரியும்? எந்த மரம், எங்க எடுத்தது, என்ன சாயம், ஒரு பிக்சல் எத்தன மைக்ரான், எல்லாத்தையும் பழைய நோட்டுலேருந்து தேடி ஏத்தினோம். ஜேபெக்கா மாத்தி வச்ச பழைய படங்கள்ல அளவே இல்ல, அளவு இல்லாத படம் வால்பேப்பருக்குத்தான் ஆகும். ஒருத்தர் இலை ஏன் சிவப்பா இருக்கு, நோயான்னு கேட்டார். சஃப்ரானின், ஃபாஸ்ட் கிரீன்னு ரெண்டு சாயமும் போட்டா, லிக்னின் (கட்டைய கெட்டியாக்குற பொருள்) ஏறுன செல் சிவப்பாகும், செல்லுலோஸ் சுவர் பச்சையாகும், அத நாங்க எழுதவே இல்ல. நமக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு ஒரு நெனப்பு.

ஆனா சொந்த சர்வர் லிங்க மட்டும் நம்பி பேப்பர்ல போட்டுடாதீங்க. இங்க இடி இடிச்சா கரண்ட் டிரிப் ஆகுது, எங்க சர்வரும் படுத்துரும். அதனால பேப்பரோட போற படங்கள ஸெனோடோங்கற ஆராய்ச்சி ஃபைல் சேமிப்புத் தளத்துலயும் போடறோம். ஐரோப்பாவோட இயற்பியல் ஆய்வகம் செர்ன் நடத்துறது, 2013லேருந்து இருக்கு, ஒரு பதிவுக்கு 50 ஜிபி, கூடவே டிஓஐன்னு மாறாத அடையாள நம்பர். வெளியிட்டப்புறம் ஃபைல மாத்தணும்னா புது வெர்ஷன் போடலாம், அதுக்குத் தனி நம்பர், எல்லா வெர்ஷனுக்கும் சேத்து ஒரு பொது நம்பரும் உண்டு. பேப்பர்ல நீங்க யூஸ் பண்ண வெர்ஷனோட நம்பரப் போடுங்க.

லைசென்ஸ் சிசி பை 4.0, அதாவது எங்க பேரப் போட்டுட்டு யாரும் எடுத்து யூஸ் பண்ணலாம். யாராச்சும் எடுத்துட்டா என்ன பண்றதுன்னு பாஸ் ஒரு மாசம் இழுத்தார். எடுக்கத்தானே சார் போடறோம், நம்ம பேரப் போட்டா போதும்னு சொல்லி சம்மதிக்க வச்சேன்.

போன வருஷம் பட்டர்வொர்த்லேருந்து ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதினாங்க. ஆப்பி ஆப்பி இலையில உப்பு வெளிய தள்ற சுரப்பி இருக்குல்ல, அந்தப் படத்த கிளாஸ்ல ஜூம் பண்ணிக் காட்டினாங்களாம், ஒரு பொண்ணு "டீச்சர், இலைக்கு வேர்க்குதா?"ன்னு கேட்டுச்சாம். விளக்கம் தமிழ்ல இருந்தா நல்லாருக்கும்னு டீச்சர் கேட்டாங்க, அதுலேருந்து சனிக்கெழமைக்கு ரெண்டு மூணுன்னு எழுதிட்டு இருக்கேன், நேத்துதான் நாப்பதாவது முடிஞ்சது.