மீன் வண்டிக்கு லைனர் பூச்சு: துருவை வென்றது, நாற்றத்தை வளர்த்தது

தொண்டியில் புதிதாகக் குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாங்கியிருக்கும் நண்பர், பின்பெட்டித் தகரத்தைத் துருவிலிருந்து காக்க உள்ளே அடிக்கும் லைனர் பூச்சில் எது நல்லது, அதை நாமே அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். பாம்பன், மண்டபம் பக்கம் ஐஸும் மீனும் ஏற்றி ஓடும் என் வண்டியில் சில ஆண்டுகளாக அந்தப் பூச்சுதான் இருக்கிறது.

பிளாஸ்டிக் தட்டாக விற்கும் லைனர் நம் தொழிலுக்கு ஆகாது. தட்டுக்கும் தகரத்துக்கும் இடையே இறங்கும் ஐஸ் தண்ணீர் காய வழியின்றித் தேங்கி, மேலே பளபளப்பு மாறாமலே கீழே தகரத்தைத் தின்றுவிடும். எனவே தகரத்தோடு ஒட்டி இறுகும் பாலியூரித்தேன் பூச்சையே எடுத்தேன். ஒற்றை டப்பாவில் வரும் வகை காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகுவது. கடற்கரைப் புழுக்கத்தில் தடிமனாக அடித்தால் மேல்தோல் முந்திக் கட்டிக்கொண்டு, உள்ளே உண்டாகும் வாயு கொப்புளமாக நின்றுவிடக்கூடும். ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) தனியாகக் கலக்கும் வகை, டப்பாவிலேயே இறுகுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும் என்று விரட்டினாலும், எனக்குப் பிடித்தது அதுதான். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆகவே ஸ்பிரேயைத் தொடாமல், ரசாயன வடிகட்டி பொருத்திய முகமூடியுடன், திறந்த வெளியில் ரோலரால் உருட்டினேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்கள் எந்தத் தண்ணீர் என்று கேட்பதில்லை. உப்புத்தாள் துருவை எடுக்குமே தவிர, தகரத்தின் நுண்குழிகளில் படிந்த கடலுப்பை எடுக்காது. அந்த உப்பின் மேல் பூசினால், அது படலத்தின் ஊடாக ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டவைக்கும். பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூச்சும் உரிந்துதான் வரும். தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தின்னரால் துடைத்து, வெற்றுத் தகரம் தெரியும் இடங்களில் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்த பிறகே ரோலரை எடுக்க வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. குடிக்கப் பிடித்துவைத்த காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்றியதற்காக வீட்டில் கேட்ட பேச்சு தனிக்கதை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு வேண்டியிருந்த காற்று இது. தகரப் பெட்டிக்கு அது சலுகை காட்டுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டிக்கு வேலை குறைவு என்பதால், தகரம் சூடேறாத காலை வேளைகளில் நிதானமாகச் செய்ய முடிந்தது. வடிகால் துளைகளுக்கு முன்னதாகவே டேப் ஒட்டிவிடுங்கள், பூச்சு அடைத்துக்கொண்டால் பெட்டி குளமாகிவிடும்.

பலன் குறையில்லாதது. துரு தலைகாட்டவில்லை, பெட்டிகள் வளைவில் வழுக்குவதில்லை, வெறும் வண்டி ஓடும்போது எழும் தகரச் சத்தமும் அடங்கிவிட்டது.

ஆனால் பூச்சில் கலந்திருக்கும் அந்த ரப்பர் துகள்! வழுக்காமலிருக்கக் கலந்த அதே சொரசொரப்பு, செதிலையும் மீன் ரத்தத்தையும் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. முன்பு இரண்டு வாளித் தண்ணீரை வீசினால் ஓடிய அழுக்கை, இப்போது குனிந்து உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் தவறினால் மறுநாள் வெயிலில் வண்டிப் பக்கம் யாரும் நிற்க முடியாது. மீன் பெட்டியை இழுத்து நகர்த்த முடியாமல் தூக்கிவைக்க வேண்டியிருப்பதால், ஏற்றுக்கூலி ஆட்களும் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், மீன் ஏற்றும் வண்டிக்கு இதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிளகாய் மூட்டையோ கரி மூட்டையோதான் ஏற்றப்போகிறீர்கள் என்றால் துகளோடு தாராளமாக அடியுங்கள். மீன்தான் என்றால் துகள் கலக்காத வகையைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த தடைக்காலத்தில் என் வண்டியின் தரைப்பகுதியை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே வழுவழுப்பாக ஒரு கோட் உருட்டப் போகிறேன். பெட்டி வழுக்கினால் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளலாம்.