முழு ஆதார் நகலா, மாஸ்க்டு ஆதாரா?

லாட்ஜில் அறை எடுக்கும்போதும் வாடகைக்கு வீடு பிடிக்கும்போதும் ஆதார் ஜெராக்ஸ் கேட்டால், முழு நகலையே நீட்டிவிடுகிறோம். 12 இலக்க எண், முகவரி, பிறந்த விவரம் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள் அப்புறம் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. பாஸ்வேர்டு என்றால் மாற்றிவிடலாம். ஆதார் எண்ணை நினைத்தபோது மாற்ற முடியாது. என் பெரிய கவலையே அதுதான்.

மாஸ்க்டு ஆதாரில் முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஓடிபி வர மொபைல் எண் இணைத்திருக்க வேண்டும். ஆனால் பெயரும் படமும் முகவரியும் இதிலும் இருக்கும். அதனால் முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம்.

2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் மாஸ்க்டு நகலையே கொடுக்கச் சொன்னது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. நல்ல அறிவுரை அது, கைவிட்டிருக்கக் கூடாது.

அரசு மானியத்துக்கு முழு எண் தேவைப்படலாம், சரி. அடையாளம் மட்டும் கேட்கும் இடத்தில் முதலில் மாஸ்க்டு நகலையே கொடுங்கள். ஆன்லைன் சரிபார்ப்பு என்றால், ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தருவதற்கு, நாமே புதிதாக உருவாக்கிக்கொள்ளக்கூடிய 16 இலக்க விஐடி (வர்ச்சுவல் ஐடி) எண்ணும் இருக்கிறது.