அட்டிகோகன், தண்டர் பே: நிலக்கரியை விட்டு மரத்துக்கு மாறிய இரண்டு வழிகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2014-இல் நிலக்கரி மின்சாரத்துக்கு முழுக்குப் போட்டது. அதன் வடமேற்கிலிருந்த அட்டிகோகன், தண்டர் பே என்ற இரண்டு அனல்மின் நிலையங்கள் மட்டும் மர எரிபொருளுக்கு மாறின. இரண்டுக்கும் உரிமையாளர் ஒரே அரசு நிறுவனம்தான். ஆனால் மாற்றிய விதம் நேரெதிர்.

அட்டிகோகனில் எரிப்பது சாதாரண மரத்தூள் பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள். இதன் பெரிய எதிரி தண்ணீர். நனைந்தால் உப்பி, உதிர்ந்து மாவாகிவிடும். நிலக்கரியைப் போல வெட்டவெளியில் குவித்துவைக்க வழியில்லை. சேமிப்புக் கோபுரங்கள், மூடிய கன்வேயர், புது பர்னர்கள் என எல்லாமே வேண்டும். அதன் தூசு வெடிக்கக்கூடியது, குவியல் உள்ளுக்குள் தானாகச் சூடேறும், கார்பன் மோனாக்சைடும் வெளியாகும். இதேபோல் மரப் பெல்லட்டுக்கு மாறிய இங்கிலாந்தின் டில்பரி மின்நிலையத்தில் 2012-இல் எரிபொருள் சேமிப்பிடத்தில் பெரிய தீ மூண்டது. எனவே பாதுகாப்புச் செலவில் கை வைக்கவே கூடாது. அட்டிகோகன் மாற்றத்துக்கு ஆன செலவு சுமார் 17 கோடி கனடிய டாலர்.

தண்டர் பேயில் ஒரு யூனிட்டை மாற்ற ஏறக்குறைய 50 லட்சம் டாலர் போதுமாக இருந்தது. காரணம், கறுப்புப் பெல்லட். மரத்தை உயரழுத்த நீராவியில் வேகவைத்து அழுத்தத்தைச் சட்டென்று விடுவிக்கிறார்கள். நார்கள் பிளந்து, மரத்தின் இயற்கைப் பசையான லிக்னின் இளகி அவற்றின்மேல் பூச்சாகப் படிகிறது. தண்ணீர் எளிதில் ஏறாது. பழைய நிலக்கரி முற்றத்திலேயே கொட்டலாம், பழைய அரவை இயந்திரமே நொறுக்கிவிடும்.

ஆனால் காடுகள் சூழ்ந்த அந்த ஊருக்கு இந்தப் பெல்லட் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தது! மாற்றத்துக்குக் குறைவாகச் செலவழித்தால் கையில் மிஞ்சுவது பழைய இயந்திரம் என்பதையும் மறக்கக் கூடாது. கொதிகலனில் கடும் அரிப்பு தெரிந்ததும் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று 2018-இல் நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

வருடத்தில் சில நாள் மட்டும், அவசரத்துக்கு ஓடும் நிலையம் என்றால் தண்டர் பேயின் கணக்கு தப்பில்லை. தொடர்ந்து ஓட வேண்டியதென்றால் என் ஓட்டு அட்டிகோகனுக்கே. அதன் பெல்லட் ஒன்டாரியோவிலேயே தயாராகிறது, மரத்தொழிலாளர்களுக்கும் வேலை கிடைக்கிறது.

இரண்டு வழியிலும் புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். காடு அதைத் திரும்ப உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகலாம். மரக்கழிவுக்குப் பதில் இதற்கென்றே முழு மரங்களை வெட்டும் திட்டம் எதுவானாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் ஏற்க மாட்டேன்.