சுவரில் சார்ட், மாடியில் பாட்டில், கையில் போன்: குழந்தைக்கு வானிலை சொல்ல எது உதவும்?

என் மகளுக்கு ஐந்து வயது. வானிலையைச் சொல்லித்தர மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டேன்: சுவரில் மாட்டும் சார்ட், மாடியில் மழையை அளக்கும் பாட்டில், போன். எனக்கு நடுநிலையெல்லாம் கிடையாது, பாட்டில் கட்சி. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடையில் கிடைக்கும் சார்ட்டில் சூரியன், மேகம், குடை, அப்புறம் ஒரு பனிமனிதன் இருக்கும். தினமும் அம்புக்குறியைத் திருப்பி வைக்கவேண்டும். மூன்று வயதில் அதற்குப் பயன் உண்டு: பல் தேய்த்ததும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கும் பழக்கம் வருகிறது. ஆனால் நாங்கள் இருப்பது சென்னை. பிப்ரவரியிலிருந்து மே வரை அம்பு சூரியனை விட்டு அநேகமாக நகராது. தை மாத இளவெயிலுக்கும் கத்திரி வெயிலுக்கும் அதே சிரித்த முகம்தான். புழுக்கத்துக்குப் படமே இல்லை. பனிமனிதனால் வேறு ஒரு குழப்பம். மார்கழிக் காலையில் பாட்டி "பனியில நிக்காதடி" என்றதும், இவள் பொம்மை செய்யப் பனியைத் தேடிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பாட்டில் வழிக்குச் செலவே இல்லை. பக்கம் நேராக இருக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்துவிடலாம். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு அதை நிரப்பி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து ஸ்கேலை ஒட்டவேண்டும். மொட்டை மாடியில் சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்தால் மழைமானி தயார். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணியோடு 24 மணி நேரக் கணக்கை முடிக்கிறது. அதனால் விடுமுறை நாட்களில் நாங்களும் அதே நேரத்துக்கு மாடி ஏறுவோம். அளந்ததும் பூஜ்யக் கோடு வரை கொட்டிவிட்டு, வாரம் ஒருமுறை அடித் தண்ணீரையும் மாற்றிவிடவேண்டும், இல்லையென்றால் கொசு வளர்ப்போம்.

ஐப்பசியில் ஒருநாள் எங்கள் பாட்டிலில் இரண்டு சென்டிமீட்டர். டிவியில் நுங்கம்பாக்கத்துக்கு நான்கு சொன்னார்கள். "அம்மா, டிவியில தப்பா சொல்றாங்க!" ஒரே மழை தெருவுக்குத் தெரு வேறு அளவில் பெய்யும் என்பதை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொல்ல முடிந்தது. எந்த சார்ட்டிலும் அதற்கு இடம் இல்லை. 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரைத் தொட்டால் செய்தியில் 'கனமழை' என்பார்கள், அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதைச் சொன்னேன். எங்கள் பாட்டில் 15 சென்டிமீட்டர்தான் கொள்ளும். மூன்று பாட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியும் பத்தவில்லை என்றதும் அவள் வாயடைத்துப்போனாள்.

போனில் வரும் 'மழைக்கு 80 சதவீத வாய்ப்பு' ஐந்து வயதுக்கு வெறும் எண். வண்ண எச்சரிக்கையில் அவள் கற்றது ஒன்றுதான்: சிவப்பு என்றால் லீவு. ஆனால் வங்கக்கடலில் புயல் சுழலும்போது செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்ட போனை விட்டால் வேறு வழியில்லை. கடலில் இருக்கும் வெள்ளைச் சுழல் நம் பக்கம் நகர்வதைப் பார்த்த பிறகுதான், துறைமுகத்தில் ஏற்றும் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' கிளி வளர்க்கும் கூண்டு இல்லை, கப்பல்காரர்களுக்கான அடையாளம் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று வயதென்றால் சார்ட் போதும். பனிமனிதன்மேல் ஒரு தாளை ஒட்டி, வியர்வை வழியும் முகம் ஒன்றை வரைந்துவிடுங்கள். நான்கைந்து வயதானால் பாட்டில். போனைப் புயல் நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டிலுக்கும் குறை உண்டு. மே மாதத்தில் அதற்கு வேலையே இல்லை, ஒரு வாரத்திலேயே பிள்ளைக்குச் சலித்துவிடும். அப்போது துணிக்கொடியில் ஒரு ரிப்பனைக் கட்டிவிடுகிறோம். காலையில் மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்றில் அது கடல் பக்கம் பறக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே நுழைந்ததும் ரிப்பன் அப்படியே மேற்கே திரும்பும். சில நாள் திரும்பவே திரும்பாது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல், அவளுக்கு மட்டும் காரணம் தெரியும்.