அன்றைய கலயமும் இன்றைய கூல் லிப்பும்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதைப் பொருள் எளிதாகக் கிடைத்தது அந்தக் காலத்திலா, இப்போதா? புகையிலைச் சட்டத்தை மட்டும் பார்த்தால் அந்தக் காலம்தான் தாராளம். "தாத்தாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வாடா" என்று பாம்பன், தொண்டிப் பக்கம் சின்னப் பையனையே கடைக்கு விரட்டுவார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பனையே ஆகாது என்ற சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆனாலும் கையில் கிடைப்பது அன்றைக்குத்தான் கஷ்டம். கள்ளையே எடுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பருவத்தில்தான் இறங்கும், மறுநாளே புளித்துவிடும், புத்தகப்பையில் ஒளிக்க முடியாது. பனையேறிக்குப் பையனின் அப்பாவைத் தெரியும். பீடி என்றால் வாய் நாற்றமே காட்டிக்கொடுக்கும். (பொற்காலம் என்று சொல்லவரவில்லை, சாராயத்தில் அழிந்த குடும்பங்கள் கடலோரம் எங்கும் உண்டு.)

கூல் லிப் இதற்கு நேர் எதிர். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகும் குட்டிப் புகையிலைப் பொட்டலம். புகை கிடையாது, துப்ப வேண்டாம், குளுகுளு வாசம் வேறு. வாத்தியார் எதிரே உட்கார்ந்தே நிக்கோட்டின் ஏற்றிக்கொள்ளலாம். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்தாயிற்று; சரக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. நாடு முழுக்கவே கூல் லிப்பைத் தடைசெய்தால் என்ன என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது.

வீட்டில் சந்தேகம் இருந்தால் பையைக் குடைவதைவிடக் கீழுதட்டை விலக்கிப் பாருங்கள். தொடர்ந்து வைக்கிற இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.