பிளேடும் கீபோர்டும்: டாக்டர் ஹூ முகப்பிசை, 1963-உம் 1980-உம்

நேரப் பயணம் செய்யும் டாக்டரைப் பற்றிய பி.பி.சி.யின் பழைய ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்த பிறகு, முகப்பிசையை நான் ஓட்டிவிட்டுப் போவதே இல்லை. கதை சில நாள் சுமாராக இருக்கும், வேற்றுக்கிரக ஜீவன் ரப்பர் உடையில் வரும். ஆனால் அந்த முதல் அரை நிமிடம் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அந்த இசைக்குப் பல வடிவங்கள் உண்டு. மோத வேண்டியவை இரண்டுதான்: டீலியா டெர்பிஷயர் 1963-இல் செய்ததும், பீட்டர் ஹொவெல் 1980-இல் செய்ததும்.

மெட்டு இரண்டுக்கும் ஒன்றே. எழுதியவர் ரான் கிரெய்னர். உருவான இடமும் ஒன்றே, லண்டன் மைடா வேலில் இருந்த பி.பி.சி.யின் மின்னொலிக் கூடமான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப். வேறுபாடு முழுக்கக் கருவியில் இருக்கிறது.

1963-இல் டெர்பிஷயரிடம் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு, கிடையாது. கம்பி ஒன்றைச் சுண்டி அந்த ஒலியை டேப்பில் பிடித்தார். அதை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி, வேண்டிய சுருதிகளை எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு சுரத்துக்கும் எவ்வளவு நீளம் என்று அளந்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டினார். அடியில் தடதடவென்று ஓடும் அந்த கீழ்ச்சுர பேஸ் முழுக்க அப்படி ஒட்டியதுதான். மேலே மிதக்கும் மெட்டு, சீரான ஒலி எழுப்பும் மின்கருவியான சோதனைக்கூட ஆசிலேட்டரின் திருகைக் கையால் திருப்பியது. பல தடங்களை ஒன்றாகப் பதியும் இயந்திரம் இல்லாததால், தனித்தனி டேப்புகளை ஒரே நொடியில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஒருமுறை எங்கோ ஒரு சுரம் இடறியது. டேப்புகளை நீண்ட நடையில் பக்கம் பக்கமாக விரித்துப்போட்டு, எந்த ஒட்டு தப்பு என்று தேடினார்கள் என்று உதவியாளர் டிக் மில்ஸ் சொல்லியிருக்கிறார்.

இந்த உழைப்பு காதில் கேட்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு மெட்டு வழுக்கிக்கொண்டு போகும். கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடிபடும். ஆனால் அதை வாசிக்கும் கை எது, கருவி எது என்று யூகிக்கவே முடியாது. மனிதர் யாரும் அந்த அறையில் இல்லை என்பது போன்ற உணர்வு வரும். விண்வெளிப் பயம் என்றால் எனக்கு அதுதான். கேமராவை அதன் படம் ஓடும் திரைக்கே திருப்பிவைத்து பெர்னார்ட் லாட்ஜ் எடுத்த முகப்புக் காட்சியின் அந்தச் சுழலும் வெள்ளைப் புகைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை.

ஹொவெலிடம் எல்லாமே இருந்தது: யமஹா சிஎஸ்-80, ஏஆர்பி ஒடிஸி என்ற சிந்தசைசர்கள், குரலை இயந்திர ஒலியாக்கும் வோகோடர். அவர் அவற்றைச் சோம்பலாகப் பயன்படுத்தவில்லை. பேஸுக்கு ஒரு உறுமல் வந்தது, மெட்டு கூர்மையானது, சித் சட்டனின் நட்சத்திரங்கள் பாய்ந்து வரும் முகப்போடு சேரும்போது ராக்கெட் கிளம்புவது போல இருக்கும். எண்பதுகளின் சிந்த் இசை பிடித்தவர்களுக்கு இது விருந்து. தனிப் பாட்டாக, ஹெட்ஃபோனில் சத்தமாகக் கேட்க என்றால் நானும் இதைத்தான் போடுவேன். ஆனால் இதில் கீபோர்டு கேட்கிறது. யாரோ வாசிக்கிறார் என்று தெரிந்த கணமே பயம் பாதி போய்விடுகிறது. மிஞ்சுவது உற்சாகம். உற்சாகமும் நல்லதுதான், ஆனால் நேரப் பயணப் பெட்டிக்குள் ஏறும் முன் எனக்கு வேண்டியது கொஞ்சம் நடுக்கம்.

முதல் வடிவம், இடையிடையே சிறு மாற்றங்களோடு, 17 வருடம் ஓடியது. ஹொவெலின் வடிவம் 1985 வரை. எது நீண்ட நாள் நின்றது என்பதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்: தொடருக்கு 1963 வடிவம்தான், சந்தேகமே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. பாதிக் காப்புரிமைப் பணத்தை டெர்பிஷயருக்குத் தர கிரெய்னரே விரும்பினார், அன்றைய விதிகள் விடவில்லை. திரையில் டெர்பிஷயரின் பெயர் முதன்முதலாக வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில். அவர் 2001-லேயே இறந்துவிட்டார்.