1-7-7 ஆ, 7-7-7 ஆ? ஈடலான் இரவுக்கு ஒரு ஆம்ப்

வார்ஃபிரேம் என்ற இணைய விளையாட்டில், இரவில் தோன்றும் ராட்சத உயிரான ஈடலானை வேட்டையாடப் புதிதாக வருபவர் முதலில் கேட்பது, எந்த ஆம்ப் (ஆபரேட்டர் என்ற பாத்திரம் ஏந்தும் ஆயுதம்) செய்யலாம் என்றுதான். பிரிசம், ஸ்கஃபோல்ட், பிரேஸ் என்று மூன்று உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏழு வகை. பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லோரும் எண்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். என்னிடம் இருப்பது 1-7-7, அதாவது ராப்லாக், ப்ரோபா, செர்ட்டஸ். என் வேட்டைக் கூட்டாளி விடாப்பிடியாகச் சுமப்பது 7-7-7.

பின்னிரண்டு உறுப்புகளில் எங்களுக்குள் சண்டையில்லை. செர்ட்டஸ் கிரிட்டிகல் வாய்ப்பை, அதாவது அடி கூடுதல் பலத்தோடு விழும் வாய்ப்பை, 20 சதவீதம் கூட்டுகிறது, அது போதும். வழக்கு பிரிசத்தில்தான்.

ஏழாம் எண்ணான கிளமோரா, கிட்டத்தில் மட்டும் எட்டும் ஒளிக்கற்றை. சேதம் அபாரம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் டெராலிஸ்ட் என்ற ஈடலானின் கேடயத்தை ஆபரேட்டரின் சூனிய சேதம்தான் உடைக்கும்; கிளமோராவால் அதைச் செய்ய அந்த மலை போன்ற உருவத்தின் காலடிக்கே போய் நிற்க வேண்டும். அது காலைத் தூக்கி மிதித்தால் கூட்டாளி எங்கோ போய் விழுகிறார். எழுந்து திரும்பி ஓடி வருவதற்குள், தொலைவில் நின்ற நான் ராப்லாக்கால் நான்கைந்து முறை சுட்டிருப்பேன். சுற்றிலும் மிதக்கும் சிறிய எதிரிகளான வோம்வாலிஸ்டுகளையும் நின்ற இடத்திலிருந்தே தீர்த்துவிடலாம்.

இதைவிட என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. பூட்டிய ஆம்பைப் பிரிக்க முடியாது. நான் அவசரப்பட்டு முதலில் செய்த 1-1-1 இன்றும் கிடங்கில் தூங்குகிறது. அதிலிருந்து ராப்லாக்கை மட்டும் கழற்றி எடுக்க வழியில்லை. புதிய ஆம்ப் என்றால் மூன்று உறுப்புகளையும் மீண்டும் செய்ய வேண்டும், 30ஆம் தரம் வரை வளர்க்க வேண்டும், விளையாட்டில் சேர்க்கும் மதிப்புப் புள்ளிகளை (ஸ்டாண்டிங்) கொடுத்து முலாம் பூச (கில்டிங்) வேண்டும். பூசியதும் தரம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். மறுபடி 30 வரை ஏற வேண்டும். ஒரே ஆயுதத்துக்கு இரண்டு முறை உழைப்பு! புள்ளிகளுக்கும் அன்றாட வரம்பு உண்டு: 16,000, அதோடு ஆட்டக்காரரின் மாஸ்டரி தரம் ஒவ்வொன்றுக்கும் 500. விளையாட்டின் இரவோ 50 நிமிடங்களில் விடிந்துவிடும். அதனால் பல வாரங்களுக்குக் கையில் இருக்கப்போவது ஒன்றுதான் என்றால், எந்தத் தூரத்திலும் உதவுவதைச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ராப்லாக், விளையாட்டில் வரும் சீட்டஸ் ஊரில் ஒன்கோ என்ற வணிகரிடமே கிடைக்கும். மற்ற இரண்டுக்கு மட்டும் ஃபோர்ச்சுனா என்ற இன்னோர் ஊரில் லிட்டில் டக் என்ற வணிகரிடம் போனால் போதும்.

கிளமோராவை நானே ஏந்தி ஆடியது ஐந்தாறு இரவுகள்தான். கூட்டாளியின் கைப்பழக்கம் எனக்கு வரவில்லை என்பதும் உண்மை. மூடிய அறைகளில், எதிரிகள் மேலே வந்து மோதும் இடங்களில், அவர் என்னை முந்திவிடுகிறார். மாஸ்டரி புள்ளிகள் பிரிசத்துக்கே கிடைப்பதால் என்றாவது நானும் ஒரு கிளமோரா செய்து முலாம் பூசுவேன். அது இரண்டாவது ஆம்பாக இருக்கட்டும்.